சந்தைத் தெருச் சுமைதாங்கி

சந்தைத் தெரு முக்கில் ஒரு சுமைதாங்கி உண்டு. தோள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்கே போட்டிருக்கும். தலைச்சுமைக்காரர்கள் இறக்கி வைத்து மூச்சு வாங்க, எந்தக் காலத்திலோ யாரோ வைத்தது. அதைப் பிடுங்கிவிட்டு அங்கே தன் பெயரில் ஒரு வளைவு கட்ட வேண்டும் என்று சேர்மன் குற்றாலலிங்கத்துக்கு ஆசை வந்தது.

தெருவே திரண்டு போய், வேண்டாம் என்று கேட்டது. சேர்மன் சிரித்தார்.

"இந்தக் காலத்துல எவன்யா சுமக்கிறான்? நான் அஸ்திவாரம் போட வர்ற அன்னைக்கு, பாரம் தாங்காம அந்தக் கல்லுல இறக்கி வைக்கிற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. கல்லை விட்டுர்றேன்."

இட்லிக்கடை வெள்ளையம்மாள், "சரிங்கய்யா, காட்டுறோம்" என்றாள்.

அஸ்திவாரம் போடும் அன்றைக்குக் கடப்பாரை ஆட்களோடு வந்து இறங்கினார் சேர்மன். வெள்ளையம்மாள் சொல்லி வைத்தபடி வீட்டுக்கு ஒரு மாலை அவர் கழுத்தில் விழுந்தது. கூட வந்தவர்கள் கையெல்லாம் தெரு கொடுத்த பூசணிக்காய்; சுமை வாங்க ஒரு கை மிச்சமில்லை. கடைசியில் ஒரு முழு வாழைத்தாரைத் தூக்கிச் சேர்மன் தோளிலேயே வைத்தாள் அவள்.

"போட்டோவுக்கு அப்படியே நில்லுங்கய்யா" என்றான் போட்டோ பிடிக்க வந்த அவள் மருமகன். சேர்மனும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அவன் கேமராவைத் துடைத்தான், திருகினான், மறுபடியும் துடைத்தான். சேர்மன் தாரைத் தோள் மாற்றினார். பக்கத்தில் பார்த்தார். பொத்தென்று தாரைக் கல்லின்மேல் இறக்கி, "அப்பாடா!" என்றார்.

அப்போதுதான் கேமரா 'கிளிக்' என்றது.

வெள்ளையம்மாள் கும்பிட்டாள். "நீங்க காட்டச் சொன்ன ஆளு போட்டோவுல இருக்காருங்கய்யா."