வாலைச் சுழிச்ச 'அ'

அந்தக் காலத்துல, ஈய எழுத்துக்கெல்லாம் வாய் இருந்துச்சு. செபத்தியான் அச்சாபீஸ்ல ரெண்டு குடும்பம். ஒண்ணு மொட்டை எழுத்து. நோட்டீசு, ரசீது, வாய்ப்பாடு எல்லாம் அதுகதான். இன்னொண்ணு சுருட்டை எழுத்து. கொடி மாதிரி நெளிஞ்சு, வாலைச் சுழிச்சு, அம்புட்டு அழகு. அழகா இருந்து என்ன? யாரும் கூப்பிடல. பெட்டியில தூசிதான்.

"என்னைய ஒரே ஒரு ஆளு வாசிச்சாப் போதும்டா"ன்னு சுருட்டை 'அ' தன் தம்பிகிட்டப் புலம்பிக்கிட்டே கிடக்கும்.

ஒரு நாள் அத்திமேட்டு ராக்கப்பன் வந்தாரு. "என் மக அங்கம்மாவுக்குக் கல்யாணம். பத்திரிகையைப் பாத்து சனமே வாயைப் பொளக்கணும், செபத்தியாரே."

செபத்தியான் சுருட்டைப் பெட்டியைத் திறந்தாரு. பேரு, ஊரு, நேரம், அத்தனையும் சுருட்டை. தம்பி 'அ' பொண்ணு பேருல நின்னுச்சு, அண்ணன் 'அ' ஊர்ப் பேருல.

மொட்டை 'அ' எட்டிப் பாத்துச்சு. "ஏலே, வாலை அடக்கி நில்லு. கீழ சுழிச்சேன்னா நீ 'ஆ' ஆயிருவ."

"போடா மொட்டை, வயித்தெரிச்சல்!"

மை பட்டதும் அண்ணனுக்குச் சந்தோசம் தாங்கல. வாலை நீட்டி ஒரு சுழி சுழிச்சுச்சு. அதைப் பாத்துத் தம்பியும்.

முகூர்த்தத்தன்னைக்கு அத்திமேட்டுல மேளம் முழங்குது. பொண்ணு மணவறையில. மாப்பிள்ளையைக் காணோம். பொண்ணு பாத்தது கோயில்ல வச்சு. மாப்பிள்ளை வீட்டாரு ஊருக்கு வர்றது இதான் முதல் தடவை. பத்திரிகையை வாசிச்சுட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆத்திமேட்டுல போயி நிக்கிறாங்க.

அங்க மேஞ்ச ஆடு கேட்டுச்சு: "இங்கயா கல்யாணம்? அப்படின்னா எங்கள்ல நாலு பேரு குறைஞ்சிருக்கணுமே!"

அப்புறம் என்ன, ஓட்டம். கழுத்தளவு தண்ணியில ஆத்தைக் கடந்து, முகூர்த்தம் முடிய வெத்தலை மெல்லுற நேரம் இருக்கையில, மாப்பிள்ளை சொட்டச் சொட்டத் தாலி கட்டுனாரு.

மறுநாள் மகளையும் மருமகனையும் கூட்டிக்கிட்டு ராக்கப்பன் அச்சாபீசுக்கே வந்துட்டாரு. "உருக்குய்யா இந்தச் சனியன்களை!"

ஈயச்சட்டி அடுப்புல ஏறிருச்சு. அண்ணன் 'அ' தம்பிக்குப் பின்னால ஒளியப் பாத்துச்சு.

அங்கம்மா பத்திரிகையை வாங்கிப் பாத்தா. "இருங்கப்பா. என் பேரும்தான் 'ஆங்கம்மா'ன்னு இருக்கு. அதுக்காக இவரு வேற யாரையும் கட்டிட்டாரா?"

மாப்பிள்ளை ஒரு தும்மல் போட்டுட்டுச் சொன்னாரு: "இல்ல, ஆங்கம்மா."

ராக்கப்பனுக்கே சிரிப்பு வந்துருச்சு.

"பேரு பாக்குறதுக்குப்பா. ஊருதான் வாசிக்கிறதுக்கு"ன்னா அவ.

செபத்தியான் சட்டியை இறக்கி வச்சாரு. அண்ணன் 'அ' தனக்குள்ள சொல்லிக்கிச்சு: என்னைய வாசிக்கணும்னு ஆசைப்பட்டேன், வாசிச்சாங்க, அதுதான் வினையாப் போச்சு. இனிமே என்னையப் பாத்தாப் போதும்.

அன்னைக்கிருந்துதான், கல்யாணப் பத்திரிகையில பொண்ணு மாப்பிள்ளை பேரு மட்டும் வாலைச் சுழிச்சு நிக்குது. ஊரும் நேரமும் மொட்டை எழுத்துல, வாயை மூடிக்கிட்டு வழி சொல்லுது.