கூட்டக் கூடாது

கொன்றையூருக்கு ஒரு ராஜா உண்டு, ஒரு குளமும் உண்டு. இரண்டையும் ரொம்ப நாளாக யாரும் தூர்வாரவில்லை.

ராஜா சேந்தவர்மனால் பெரிய கெடுதல் இல்லை. குளத்தால் இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் காய்ச்சலில் விழுந்தன. நெசவாளர் தெரு ஒருநாள் குளத்தைச் சுத்தம் செய்யும். மறுநாளே சாயக்காரர்கள் அதில் நூலை அலசுவார்கள். மாடு இறங்காமலிருக்க ஒரு தெரு வேலி கட்டும். மண் எடுக்க வழியில்லையென்று குயவர்கள் அதைப் பிடுங்கிப் போடுவார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். அதுதான் தொல்லை.

நங்கை என்றொருத்தி, கைக்குழந்தைக்காரி. பிள்ளைக்கு உடம்பு சுட்ட அன்று பயந்துபோய்த் தெருத்தெருவாகக் கதவைத் தட்டினாள். எல்லாரையும் சந்தைத் திடலில் கூட்டினாள். யார், எப்போது, எந்தக் கரையில் என்று பேச வைத்தாள். ஒரு கூடை மண்கூட அவள் தூக்கவில்லை. ஆனாலும் குளம் தெளியத் தொடங்கியது. பிள்ளைகள் எழுந்து ஓடத் தொடங்கின.

அமைச்சர் மாராயருக்கு வயிறு எரிந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு தெருவும் தனித்தனியாக வாழைத்தாரோடு அவர் வாசலில் நின்று கெஞ்சும். இப்போது ஒரு வாழைக்காய்கூட வருவதில்லை.

"மகாராஜா, அவள் ஊரைக் கூட்டுகிறாள். இன்றைக்குச் சந்தைத் திடல், நாளைக்கு அரண்மனை வாசல்."

"அவள் என்ன வேலை செய்கிறாள்?"

"ஒரு வேலையும் இல்லை. கூட்டுகிறாள், அவ்வளவுதான்."

ராஜா அரண்மனை வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். "அவளைச் சிறையில் போடுங்கள். இனி இந்த நாட்டில் யாரும் கூட்டக் கூடாது."

நங்கை பிள்ளையோடு சிறைக்குப் போனாள். சாயம் குளத்துக்குத் திரும்பியது.

அரசவைப் புலவர் நக்கன் எழுந்து கும்பிட்டார். பெயரிலேயே அவருக்குப் பாதி நக்கல். "உத்தரவு, மகாராஜா. ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறேன்."

மறுநாள் ராஜா நடந்தால் பாதத்தில் குப்பை.

"இந்த இடத்தை யாரும் கூட்டவில்லையா?"

"கூட்டக் கூடாதாமே, மகாராஜா" என்றாள் பணிப்பெண்.

சாப்பிட உட்கார்ந்தார். இலையில் ஒரு மூலையில் பூசணித்துண்டு, ஒரு மூலையில் வெந்த பருப்பு, நடுவில் தேங்காய்.

"கூட்டு எங்கே?"

"எல்லாம் இருக்கிறது. கூட்டத்தான் பயமாக இருக்கிறது" என்றார் சமையற்காரர்.

ராஜாவுக்குப் பசியோடு கோபமும் வந்தது. "நக்கரே, சபையைக் கூட்டும். உத்தரவை மாற்ற வேண்டும்."

நக்கன் இரண்டு கைகளையும் நீட்டினார். "கூட்டுகிறேன். விலங்கு போடச் சொல்லுங்கள். கூட்டச் சொன்ன தங்களையும் போட வேண்டுமே, யார் முதலில் போவது?"

ராஜா பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, அந்தப் பெண்ணைக் கூட்டி வாரும்."

"அழைத்து வரலாம். 'கூட்டி' வர வழியில்லை."

"ஐயா, எப்படியாவது வரச் சொல்லும்."

நங்கை வந்தாள். "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"குளத்துக்குப் போகணும், மகாராஜா. நான் இல்லாம அவங்க மறுபடி அடிச்சிக்கிட்டிருப்பாங்க."

"போ. ஊரைக் கூட்டுவதே இனி உன் உத்தியோகம்."

மாராயர் பதறினார். "அப்படியானால் தங்கள் வாக்கு என்ன ஆவது? 'கூடாது' என்று சொன்னதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"நியாயம்" என்றார் நக்கன். "கூடாது என்றது கூடாதாகவே இருக்கட்டும். 'மாராயருக்குச் சம்பளம் கூடாது' என்று மாற்றி எழுதிவிடலாம்."

ராஜா வாய்விட்டுச் சிரித்து, "அப்படியே எழுதும்" என்றார்.

மாராயர் நக்கன் பக்கம் ஓடினார். "புலவரே, கூடாது என்றால் உயராது என்றா? ஒரேயடியாகக் கிடையாது என்றா?"

"அதை நாம் எப்படிச் சொல்வது? ஊரைக் கூட்டித்தான் கேட்க வேண்டும். நங்கை, நீ என்னம்மா சொல்கிறாய்?"

"கேட்டுடலாம் ஐயா. முதல்ல குளத்து வேலை முடியட்டும்."

மறுநாள் விடிவதற்குள் குளத்தில் இறங்கி முதல் கூடை மண்ணைத் தூக்கியவர் மாராயர்தான்.