கொடிக்குள் கூடு கட்டிய சிட்டு

அந்தக் காலத்தில் குருவி பேசினால் மனிதருக்குப் புரியும், மனிதர் பேசினால் குருவிக்குப் புரியும். இரண்டு தரப்புமே கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நெடுங்காலம் பிறத்தியார் கையில் இருந்த நாடு அப்போதுதான் மீண்டிருந்தது. அடுத்த பௌர்ணமி கழிந்த விடியலில் வீட்டுக்கு வீடு கொடி ஏற்றுவது என்று ஊர் கூடி முடிவு செய்தது.

"எங்க வீட்டுக் கொடிதான் முதல்ல பறக்கும், பாருங்க" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார் கொப்பையா. அவசரக்காரர். மனைவி பேச்சி தைத்துக் கொடுத்த கொடியை அன்றைக்கே சுருட்டி, முற்றத்துக் கம்பத்தின் உச்சியில் கட்டிவிட்டார். கயிற்றை இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து கொடி விரியும்.

சுருட்டிய கொடியில் பச்சைக் கரை மட்டும் வெளியே தெரிந்தது. அதை நல்ல அகலமான இலை என்று நினைத்துவிட்டது ஒரு தையல்சிட்டு. இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற குருவி அது. மடிப்பைப் பை மாதிரி தைத்து, பூவிதழ்களை மெத்தையாகப் போட்டு, முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தது.

நாள் வந்தது. கிழக்கு வெளுத்ததும் கொப்பையா கயிற்றில் கை வைத்தார்.

"ஐயா, இழுக்காதீங்க! உள்ள என் பிள்ளைங்க இருக்கு. இன்னும் சிறகு முளைக்கல" என்று கத்தியது சிட்டு.

"என் கொடிக்குள்ள உனக்கு என்ன வேலை?"

"கொடியா? நான் இலைன்னுல்ல நெனச்சேன்!"

அதற்குள் பக்கத்து வீட்டில் கொடி விரிந்தது. அந்த வீட்டுச் சீனிச்சாமி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாமா, முதல் கொடி இன்னும் தூங்குதா?"

தெருவே சிரித்தது. கொப்பையாவின் பிடி இறுகியது.

பேச்சி அவர் கையைத் தடுக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "ஏங்க, போன வருசம் இதே மாதிரி ஒரு விடியல்லதான் அந்தப் பிறத்தியார் ஆளுங்க நம்மள வீட்ட விட்டு வெளிய தள்ளினாங்க. சட்டி பானையெல்லாம் தெருவுல உருண்டுச்சு. மறந்துருச்சா?"

கொப்பையா கயிற்றை விட்டுவிட்டார்.

ஊரில் அந்த ஒரு வீட்டில் மட்டும் கொடி பறக்கவில்லை. போவோர் வருவோரெல்லாம் கேலி பேசினார்கள். யாராவது விளையாட்டுக்கு இழுத்துவிடப் போகிறார்கள் என்று, குஞ்சுகள் பறக்கும்வரை அவர் கம்பத்தடியிலேயே பாய் போட்டுப் படுத்தார்.

கடைசிக் குஞ்சும் பறந்த காலையில், தாய்ச்சிட்டு தான் போட்ட தையலைத் தானே பிரித்தது.

"இப்ப இழுங்க ஐயா. மெத்தைய மட்டும் எடுக்கல. அது உங்களுக்கு."

இழுத்தார். கொடி விரிந்தது. பேச்சியின் தலையிலும், கொப்பையாவின் தோளிலும், வேடிக்கை பார்க்க வந்த சீனிச்சாமியின் வழுக்கையிலும் பூவிதழ்கள் கொட்டின. காய்ந்தும் நிறம் போகாத இதழ்கள்.

சீனிச்சாமி ஒன்றைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "மாமா, எங்க வீட்டுக் கொடியையும் இறக்கி மறுபடி சுருட்டிக் கட்டணும். பூ வச்சிருக்கீங்களா?"

அன்று முதல்தான் கொடியை ஏற்றுமுன் மடிப்புக்குள் ஒரு கைப்பிடிப் பூவைப் பொதிந்து வைக்கிறோம். கயிற்றை இழுக்கப்போகும்போது எல்லாரும் ஒருகணம் அண்ணாந்து பார்க்கிறோமே, அதுவும் அன்று முதல்தான்: உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா என்று.