அமுங்கிக் கிடந்த பொத்தான்

"மேஸ்திரியம்மா, எம்மக மூணு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நாளைக்கு ஓசூருக்கு வேலைக்குக் கெளம்புதா. கோளாறு எங்கன்னே தெரியல."

கேட்டவர் வியாகுலம். லாரி ஓட்டி முதுகு போனபிறகு, ஐம்பத்திரண்டு வயதில் தூத்துக்குடிக்குக் கார் வயரிங் கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த ரெஜினா அவரைவிட இருபது வயது இளையவள். சும்மா சொல்லக்கூடாது, வேலையில் புலி.

ரெஜினா தலை நிமிரவில்லை.

"அந்த வெள்ளைக் காரைப் பாருங்க அண்ணாச்சி. இடதுபக்கக் கண்ணாடி எறங்க மாட்டேங்கு. சரிபண்ணிட்டு வாங்க, பேசுவோம்."

வியாகுலத்துக்குச் சுருக்கென்றது. மனுசன் மனசு வெந்து கேட்கிறான், இவள் கண்ணாடியைக் காட்டுகிறாளே! ஆனாலும் போனார்.

இடது கதவைப் பிரித்தார். சுவிட்சை மாற்றினார். அசையவில்லை. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரே கரண்ட் கொடுத்தார். கண்ணாடி சமர்த்தாக இறங்கி ஏறியது. மறுபடி சுவிட்சில் மாட்டினால், பழைய குருடி கதவைத் திறடி.

மத்தியானம் ரெஜினா வந்து எட்டிப்பார்த்தாள்.

"புது சுவிட்ச் போட்டும் அசைய மாட்டேங்கும்மா, எம்மக மாதிரி."

"மகளுக்கும் புதுசா ஏதும் செஞ்சீகளோ?"

"புது போன் வாங்கிக் கொடுத்தேன். பெட்டி வாங்கிக் கொடுத்தேன். டிக்கெட்டும் நான்தான் எடுத்தேன்."

"சரி. எந்த சீட்ல உக்காந்து பாத்தீக?"

"கோளாறான சீட்லதான். வேற எங்க?"

"ஓட்டுற சீட்ல?"

"அந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு!"

ரெஜினா அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தாள். அந்தக் கதவில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. ஓட்டுகிறவர் அதை அமுக்கிவிட்டால் மற்ற கண்ணாடி எதுவும் அசையாது.

"அதத்தான் பாக்கேன்" என்றார் வியாகுலம். "அமுக்கல. மேலதான் நிக்கி."

ரெஜினா அந்தப் பொத்தான் இருந்த சுவிட்சைக் கழற்றிப் பிரித்தாள். எப்போதோ கொட்டிய காபி உள்ளே பிசினாக உறைந்திருந்தது. பொத்தான் மேலே எழும்பித்தான் இருந்தது. அடியில் இருந்த தகடு மட்டும் அமுங்கியபடியே ஒட்டிக் கிடந்தது.

"மககிட்ட கடைசியா என்ன சொன்னீக?"

"வேலைக்குப் போறேன்னா. நான் பேசும்போது வாயத் தொறக்காதன்னேன்." வியாகுலம் எங்கோ பார்த்தார். "கோவத்துல சொன்னதும்மா. நான் அப்பவே மறந்துட்டேன்."

ரெஜினா பிரித்த சுவிட்சை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

வியாகுலம் பிசினைச் சுரண்டினார். தகடு டக்கென்று எழும்பியது. சேர்த்து மாட்டி, இடதுகதவு சுவிட்சை அமுக்கிப் பார்த்தார்.

இடதுபக்கக் கண்ணாடி இறங்கியது.

வேறு நாளாக இருந்தால் ஒரு சீட்டி அடித்திருப்பார்.  இன்று கரிக்கையோடு போனை எடுத்தார்.

மகள் எடுத்தாள். பேசவில்லை.

"தாயீ, அன்னைக்கு உன் வாயை அடைச்சேன் பாரு, அது தப்பு. என் தப்பு. நீ பேசு."



"இதச் சொல்ல உங்களுக்கு மூணு மாசமாப்பா?" என்று வெடித்தாள் அவள். அப்புறம் ஏசினாள், ஏசினாள், நிறுத்தாமல் ஏசினாள்.

வியாகுலம் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.