மகுடாபரணர் தலையில் இருந்தது என்ன?

முன்னொரு காலத்தில் மகுடாபரணர் என்றொரு ராஜா இருந்தார். அவர் தலையில் பேன் பிடித்துவிட்டது. கொலுவில் உட்கார்ந்தபடியே செங்கோலின் நுனியைக் கிரீடத்துக்குள் விட்டுச் சொறிவார். "ராஜா தலையில் பேன் இருக்கிறது என்று சொல்பவனின் தலை வாங்கப்படும்" என்று தண்டோராவும் போட்டார். அதுவரை தெரியாதவர்களுக்கும் அன்றுதான் விஷயம் தெரிந்தது.

அரண்மனை வைத்தியர் மகாதேவ பண்டிதர் உயிருக்குப் பயந்து, பித்தம் என்று சொல்லித் தைலம் தடவினார். பேன்கள் கொழுத்தன.

பண்டிதருக்கு விகடகவி சாத்தப்பனைக் கண்டாலே ஆகாது. அவனை ஒழிக்க இதுதான் சமயம் என்று சபையில் எழுந்தார்.

"பிரபு, தங்கள் சிரசில் இருப்பது என்னவென்று தனக்குத் தெரியும் என்கிறான் சாத்தப்பன். இங்கே சொல்லட்டுமே."

"சொல். பொய்யென்றால் கசையடி" என்றார் ராஜா.

சாத்தப்பன் கணக்குப் போட்டான். உண்மை சொன்னால் தலை போகும். பொய் சொன்னால் முதுகுத்தோல் போகும்.

"பார்க்காத பொருளுக்கு எப்படிப் பெயர் சொல்வது, பிரபு? நாளை வெளியே எடுத்துவிட்டுப் பேசுவோம்."

நேரே காட்டுக்குப் போனான். முட்புதர்களின் மேல் காந்தள் கொடி தீப்பிடித்ததுபோல் பூத்திருந்தது. காட்டுக்காரர்கள் அதன் கிழங்கை அரைத்துத் தேள்கடிக்குப் பூசுவார்கள்; விழுங்கினால் உயிர் போய்விடும். இலைச்சாறு பேனுக்கு எமன். இலையை மட்டும் பறித்துவந்தான்.

மறுநாள் ராஜாவின் கண்களைத் துணியால் கட்டி, தலையில் சாறு தேய்த்து ஊறவைத்து, வெள்ளைப்பட்டின்மேல் வாரினான். கறுப்பாகப் பொலபொலவென்று உதிர்ந்தன. கண்கட்டை அவிழ்த்தான்.

"பெயர் சொல்லும் தகுதி பண்டிதருக்கே உண்டு" என்று பட்டுத்துணியை நீட்டினான்.

பண்டிதர் துணியை உற்றுப் பார்த்தார். "எள்" என்றார்.

"ராஜாவின் சிரசில் விளைந்த எள்ளை வீணாக்கலாமா? பண்டிதர் ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்ளட்டும்" என்றான் சாத்தப்பன்.

ராஜா தலையசைத்தார். பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டு அள்ளினார். அதில் உயிரோடிருந்த ஒன்று அவர் விரலில் ஊர்ந்தது.

"ஐயோ, பேன்" என்று உதறினார்.

ராஜாவின் கை வாளுக்குப் போனது. சாத்தப்பன் குறுக்கே வந்தான். "பிரபு, தலையில் பேன் என்றால்தானே குற்றம்? பண்டிதர் சொன்னது பட்டில் இருப்பதை. தங்கள் தலை இப்போது சுத்தம்."

ராஜா தலையைத் தடவிப் பார்த்தார். அரிப்பே இல்லை. சிரித்துச் சிரித்துப் புரையேறி, கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார்.

அன்று மாலை சாத்தப்பன் வீட்டு வாசலில் பல்லக்குகள் வரிசைகட்டி நின்றன. முதலில் இறங்கிய சேனாதிபதி அவன் காதோரம் குனிந்தார்.

"எனக்கில்லப்பா. சொந்தக்காரர் ஒருத்தருக்கு ரெண்டு இலை வேணும்."