மூணாம் தடவை வீங்கின உதடு

சூசையம்மாவின் உதடு மூணாம் தடவையும் வீங்கிவிட்டது. கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவள் அவள். உதடு பன்னு மாதிரி உப்பிக் கிடக்க, இந்தத் தடவை நாக்கும் கூடச் சேர்ந்துகொண்டது.

சின்ன டாக்டர் திருமேனிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முதல் தடவை மீனை நிறுத்தச் சொன்னான். அடுத்த தடவை கத்தரிக்காய், கருவாடு, கடலை, முட்டை எல்லாம். இப்போது ஊசி மேல் ஊசி போட்டும் இம்மியும் வடியவில்லை. உடம்பில் ஒரு தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. இது என்ன ஒவ்வாமையோ!

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சி." வார்த்தை கொழகொழத்தது. "இனி நிறுத்துறதுக்குக் காத்து ஒண்ணுதான் பாக்கி, தம்பி. அதும் இப்ப இறங்க மாட்டேங்கு."

உடனே திருமேனி ஆள் அனுப்பினான். அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டர் எஸ்தரம்மா வந்தார். நாக்கைப் பார்த்தார். மூச்சைக் கேட்டார். தொண்டையில் குழாய் போடுகிற டாக்டரை உடனே வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சோறு கறியை விடு, சூசையம்மா. வேற என்ன தினமும் முழுங்குறே?"

அவள் மடியை அவிழ்த்து ஓர் அட்டையை நீட்டினாள். ரத்தக் கொதிப்பு மாத்திரை. "நாலு வருசமா. ஒருநாள் விட்டதில்ல."

"இந்த வகை மாத்திரையே இனி உனக்கு ஆகாது. வேற தாரேன்." அவளுடைய பழைய மருந்துச் சீட்டில் பெரிசாகச் சிவப்பு மையில் அதை எழுதினார்.

நல்லவேளை, குழாய் தேவைப்படவில்லை. மறுநாள் வீக்கம் வடிந்து, சூசையம்மா ஒரு தட்டு இட்லியும் மீன்குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

திருமேனிக்குத்தான் குழப்பம் வடியவில்லை.

"நாலு வருசம் சும்மா இருந்த மாத்திரையா அம்மா இப்படிப் பண்ணும்?"

"பண்ணும். ஒவ்வாமை ஊசிக்கும் அடங்காது. இந்தச் சீட்டை நீ பார்த்தியா?"

"முதல் தடவையே பார்த்தேன்."

"சந்தேகம் வரலியா?"

அவன் தலை குனிந்தான். "வந்துச்சு. ஆனா நீங்க எழுதின மாத்திரையாச்சே. அதுல நான் எப்படிக் கை வைக்க?"

எஸ்தரம்மா அவனையே பார்த்தார்.

"அவ சோத்துல வச்சியே."