யானை தின்ற தோரணம்

ஒரு காட்டில், மழை தொடங்கும் நேரமாகப் பார்த்துச் சிங்கராஜா ஒரு புதுச் சட்டம் போட்டார்.

அந்தக் காட்டில் கடை வைத்திருந்த எல்லோரும் ஆளுக்கொரு மைனா வளர்த்தார்கள். முதலாளி செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பிறகு அவருக்குப் பதிலாகத் தானே முடிவு சொல்லும் மைனாக்கள் அவை. யாருக்குத் தேன் தரலாம் என்று கரடிக் கடை மைனா சொன்னது. யாருக்குத் தங்க இடம் தரலாம் என்று முயலின் சத்திரத்து மைனா சொன்னது. முதலாளிகள் உள்ளே படுத்துத் தூங்கினார்கள்.

சட்டம் இதுதான்: "மைனாவின் சொல்லுக்கு அதை வளர்ப்பவரே பொறுப்பு. யானை வந்து சோதிக்கும். பொறுப்பில்லாதவர் கடை மூடப்படும்."

முயல் சத்திரத்துக்குள் ஓடியது. சத்திரத்தின் பின்னறையில்தான் அதன் குட்டிகள் இருந்தன. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. சத்திரத்தை மூடிவிட்டால் இந்த மழையில் எங்கே போவது?

நரி சும்மா இருக்குமா? வாசல் வாசலாக மாவிலைத் தோரணம் விற்றுக்கொண்டு வந்தது. "சட்டப்படி நடக்கும் கடைக்கு இதுதான் அடையாளம். ஒரு தோரணம் ஒரு கோழி!"

"கோழிக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் கிழங்குதான் இருக்கிறது" என்றது முயல்.

"அதையாவது கொடு."

கரடி ஒன்று வாங்கியது. குரங்கு இரண்டு வாங்கியது. முயலும் வாங்கிக் கட்டியது. பயம் மட்டும் போகவில்லை.

"நரியண்ணே, யானை ஏதாவது கேள்வி கேட்டால்?"

"தோரணத்தைக் காட்டு."

"அதற்கு மேலும் கேட்டால்?"

"இன்னொன்று வாங்கிக் கட்டு. நீ நடுங்குகிற நடுக்கத்தில் தோரணமே அவிழ்ந்துவிடும் போலிருக்கிறது!"

முயலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் மைனாவுக்குப் பின்னால் ஒரு புதரில் ஒளிந்துகொண்டது.

மான் வந்தது. "வாங்க, வாங்க!" என்றது மைனா. அணில் வந்தது. "வாங்க, வாங்க!"

அடுத்து ஒரு முள்ளம்பன்றி, இரண்டு குட்டிகளோடு நனைந்தபடி வந்தது. அதன் முட்கள் சலசலத்தன.

"போ, போ! இடமில்லை!"

உள்ளே பாதி வளைகள் காலியாகக் கிடந்தன. "நேற்றும் இதையேதான் சொன்னாய்" என்று முள்ளம்பன்றி குட்டிகளைத் திருப்பிக்கொண்டு போனது.

முயல் பாய்ந்து வந்தது. "ஏன் துரத்தினாய்?"

"நீங்கள் கற்றுத்தந்ததுதானே, முதலாளி! சலசலப்புக் கேட்டால் உள்ளே ஓடிக் கதவைச் சாத்துவீர்களே!"

முயலின் காதுகள் தொங்கிப்போயின. மழையிலேயே ஓடியது.

"அக்கா, நில்லுங்கள்!"

"எதற்கு? இன்னொரு தடவை 'போ' என்று சொல்லவா?"

"இல்லையக்கா. உள்ளே வாருங்கள்."

சில நாளில் யானை வந்தது. கரடிக் கடையில் நடந்ததை முயல் எட்ட நின்று பார்த்தது. யானை தோரணத்தை இழுத்து, மென்று தின்றுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டது:

"உன் மைனா தவறாகத் துரத்தியது யாரை?"

"என் மைனா தவறே செய்யாது!" என்றது கரடி.

"பக்கத்தில் இருந்து பார்த்தாயா?"

"நான்... தூங்கிக்கொண்டிருந்தேன்."

கடை மூடப்பட்டது. குரங்கின் கடையும் மூடப்பட்டது. யானைக்கு அங்கே இரண்டு தோரணம் கிடைத்தது, அவ்வளவுதான். நரியைக் காணவில்லை.

சத்திரத்து வாசலில் அதே கேள்வி. 'ஒருவரையும் இல்லை' என்று சொல்லிவிடலாமா? முயல் பின்னறையைத் திரும்பிப் பார்த்தது.

"முள்ளம்பன்றியை, ஐயா. பிள்ளைகளோடு வந்தவளை. என் பயத்தைப் பார்த்துத்தான் மைனா அப்படிக் கற்றுக்கொண்டது. இப்போது அது 'போ' என்றால், நான் வந்து பார்க்காமல் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை."

யானை உள்ளே எட்டிப் பார்த்தது. முயல்குட்டிகளும் முள்ளம்பன்றிக் குட்டிகளும் ஒரே வளையில் தூங்கின.

"முள் குத்தவில்லையா?"

"குத்துகிறது, ஐயா. கொஞ்சம் தள்ளிப் படுக்கிறோம்."

யானை தோரணத்தைத் தின்றுவிட்டு நடையைக் கட்டியது. சத்திரத்தை மூடச் சொல்லவில்லை. முயல் நடுக்கம் தீராமலே, காதைத் தூக்கிக்கொண்டு மைனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

நீதி: நமக்காக யார் பேசினாலும், அந்தச் சொல்லுக்குப் பொறுப்பு நம்முடையதே.